கிளிப் போடுவதற்கு முன்

எங்கள் வீட்டில் யாருக்கும் ஜெனரல் சர்ஜன் என்றால் என்னவென்று இன்றுவரை சரியாக விளங்கவில்லை. எம்.எஸ். ஜெனரல் சர்ஜரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்ன அன்று அத்தையின் முகத்தில் இரக்கம்தான் தெரிந்தது. "ஜெனரல்னா எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் பாக்கறதா? பரவால்ல விடு. ஸ்பெஷலிஸ்ட் எப்ப ஆவே?" என்றாள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஜெனரல் என்றால் முன்பதிவு இல்லாத பெட்டி. "ஏற எடம் கெடச்சுதே, நின்னுட்டே போகலாம்" என்றார். அவர் வாக்கு பலித்தது. அடுத்த மூன்று வருடமும் நான் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அத்தையின் கேள்வியை ஆளாளுக்குக் கேட்கக் கேட்க, பதிலும் ஒரு பிரசங்கமாகத் தயாராகிவிட்டது. கழுத்தில் தைராய்டு கட்டி, மார்பில் கட்டி, இரைப்பையில் ஓட்டை, குடல் அடைப்பு, குடல் இறக்கம், குடல்வால், பித்தப்பைக் கல், மூலம், சர்க்கரை நோயில் அழுகும் கால், முதுகில் சீழ்க்கட்டி, தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், மாடு முட்டியவர், ரிங் ரோட்டில் லாரி அடித்தவர், எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள். மூளைக்கும் இதயத்துக்கும் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து சேரும்வரை ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே, அந்தப் பொறுப்பும் எங்களுடையதுதான். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தால் அத்தை, "அப்ப முட்டி வலி பாக்க மாட்டீங்களா?" என்பாள்.

நாங்கள் குடியிருக்கும் மைசூரிலேயே நான் படித்த ஆஸ்பத்திரியில் முதல் வருடம் என்பது கால்களின் வருடம். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் சர்க்கரை நோயாளிகளின் கால்கள் வரிசையாகக் காத்திருக்கும். கட்டைப் பிரித்து, செத்த சதையை வெட்டி எடுத்து, கழுவி, மறுபடி கட்ட வேண்டும். அந்த வாடை கைக்குட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். வெட்டுவது எவ்வளவு என்பதை அங்கேதான் கற்றேன். செத்த சதை வலிக்காது, ரத்தம் வராது. உயிருள்ள சதை இரண்டையும் செய்யும். நோயாளி 'ஆ' என்று கத்தினால் நல்ல இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். இதைக் கேட்டுச் சந்தோஷப்படும் தொழில் வேறெங்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

வீட்டில் நாற்காலிக் கைகளிலெல்லாம் நூல் தொங்கும். ஒரு கையால் முடிச்சுப் போடப் பழக வேண்டும், பார்க்காமல் போடப் பழக வேண்டும், ஈரக் கையுறையோடு போடப் பழக வேண்டும். "உக்கார விடுவியா, இல்ல நாற்காலியோட சேத்து எங்களையும் கட்டிப் போடுவியா?" என்று அம்மா சத்தம் போடுவாள். இரண்டாம் வருடம் குடல்வாலும் குடல் இறக்கமும் கைக்கு வந்தன. மற்ற நேரங்களில் கேமரா பிடித்தேன். வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷனில் ஒரு துளை வழியாகக் கேமரா போகும். அதைப் பிடித்திருப்பவரின் கை ஆடினால் அறையில் எல்லோருக்கும் தலை சுற்றும். நான் முதன்முதலில் பிடித்த அன்று எங்கள் யூனிட் தலைவர், "ஏனம்மா, நாம வயித்துக்குள்ளதான இருக்கோம்? ஊட்டி பஸ்ல இல்லயே?" என்று கேட்டார்.

அவரை நாங்கள் சார் என்போம். மண்டியா பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர், பேசினால் கன்னடம். இங்கே அவர் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன். கையெழுத்து மோசம், காபி குடிப்பது அதைவிட மோசம். ஆனால் அவர் யூனிட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு யூனிட்டுகளில் அதைக் கேலி செய்வார்கள்.

அதைச் சொல்வதற்குப் பித்தப்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லீரலுக்கு அடியில் ஒரு பை தொங்குகிறது. அதிலிருந்து ஒரு சிறு குழாய் கிளம்பி, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பெருங்குழாயில் போய்ச் சேர்கிறது. பையை எடுக்க வேண்டுமானால் அந்தச் சிறு குழாயில் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். பெருங்குழாயைத் தொடவே கூடாது. அதை வெட்டிவிட்டால் நோயாளிக்கு மஞ்சள் காமாலை, மறுபடி மறுபடி பெரிய ஆபரேஷன்கள், ஆயுள் முழுக்க அவதி. பை பல நாள் வீங்கி அழற்சியாகி இருந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பெருங்குழாய் சிறு குழாய் மாதிரியே மேலே இழுபட்டு நிற்கும். வெட்டக் கூடாததை வெட்டிய சர்ஜன்கள் கை நழுவி வெட்டியவர்கள் அல்ல. இதுதான் அது என்று மனதார நம்பி, நிதானமாக, அழகாக வெட்டியவர்கள். எங்கள் தொழிலுக்கே உரிய தப்பு அது. தேடுகிற குழாய், அது இல்லாத இடத்திலும், கண்ணுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

அதனால் சாருடைய யூனிட்டில் கிளிப் போடுவதற்கு முன் எல்லோருடைய கையும் நிற்க வேண்டும். திரையில் என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அறையில் யார் ஆகக் கடைசி ஜூனியரோ அவர் முதலில் வாய் திறக்க வேண்டும். பிறகு அடுத்தவர், பிறகு நர்ஸ், மயக்க மருந்து டாக்டர், சார். ஆபரேஷன் செய்கிறவர் கடைசி. "நான் முதல்ல சொன்னா அப்புறம் நீங்க யாரும் வேற எதையும் பாக்க மாட்டீங்க" என்பார் சார். செய்கிறவர் ஏன் கடைசி என்று கேட்டதற்கு, "அவனுக்குத்தான் நம்பணும்னு ஆசை அதிகம்" என்றார். மற்ற யூனிட் ஆட்கள் இதை கிராமசபைக் கூட்டம் என்பார்கள்.

மூன்றாம் வருடம் தை மாதத்தில் ஒரு அக்கா வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஓ.பி.க்கு வந்தாள். மாநில எல்லையிலுள்ள பாலாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் சொந்த ஊர். மைசூருக்கு வெளியே எழும்பிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாள் வேலை. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வலது விலாவுக்குக் கீழே வலி, வாந்தி, இடையில் ஒருமுறை காய்ச்சல். ஸ்கேனில் பித்தப்பை முழுக்கக் கல். கன்னடத்தில் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். நான் தமிழில் பேசியதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஊட்டா ஆனதுக்கு அப்றம் நோவு ஜாஸ்தி ஆகுதா அக்கா?" என்று கேட்டேன்.

"ஊட்டாங்களா? சோறுன்னு சொல்லுங்க அம்மிணி. தமிழு பேசறீங்கன்னு பாத்தா, பாதி அவங்க பேச்சா இருக்குது" என்றாள். பிறகு, "சோறு தின்னா ஒரு மணி நேரத்துல அப்புடியே புடிச்சுக்குதுங்க. முதுகு வரைக்கும் இழுக்குது. கலவைச் சட்டிய எறக்கி வெச்சுட்டு உக்காந்துக்கறேன். மேஸ்திரி எத்தன நாளைக்குப் பாப்பான்?"

அவள் நிலைமை சுருக்கமானது. வேலை இருக்கும்வரைதான் கட்டடத்தின் பக்கத்திலுள்ள தகரக் கொட்டகையில் இடம். மகள் பக்கத்து அரசுப் பள்ளியில் பத்தாவது, கன்னட மீடியம். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் கொட்டகை போகும், பாலாறு தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். "அங்க போனா அவளுக்கு ஆனா ஆவன்னா கூடத் தெரியாதுங்க. எல்லாம் கன்னடத்துல படிச்ச புள்ள. படிப்பு அத்தோட போச்சு. அப்புறம் சட்டி தூக்கறதுதான். பரிச்சைக்கு முன்னால இந்தக் கல்ல எடுத்துப் போடுங்க. பத்து நாள்ல வந்தா எடத்த வெக்கறேன்னு மேஸ்திரி சொல்லியிருக்கான்."

துளை போட்டுச் செய்தால் பத்து நாளில் நடமாடலாம், கொஞ்ச நாளில் லேசான வேலைக்குப் போகலாம் என்று சொன்னேன். ஒட்டிக்கொண்டிருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும் என்றும், அப்படியானால் மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்றும் சொன்னேன். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னேன். முதலாவதை அவள் முழுசாகக் கேட்டாள். இரண்டாவதற்கு, "அதெல்லாம் வராதுங்க அம்மிணி, நீங்க இருக்கீங்களே" என்றாள். மறுபடி சொன்னேன். சரி சரி என்று கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு ஆபரேஷன் செய்யப் போவது நான் என்றும், பெரிய டாக்டர் எதிரில் நிற்பார் என்றும் சொன்னபோது என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கை சின்னதா இருக்குது. நல்லதுதான்" என்றாள்.

ஒரு சர்ஜனை உருவாக்க நோயாளிகள் வேண்டும். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. நூலையும் நாற்காலியையும் வைத்துக் கொஞ்ச தூரம் போகலாம். அப்புறம் ஒரு நாள் ஒருவருடைய வயிற்றில்தான் கற்க வேண்டும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். எதிரில் ஒரு சீனியர் நிற்பார், தப்பு நடக்கும் முன் கையைப் பிடிப்பார், அதனால் நோயாளிக்குக் கெடுதல் இல்லை என்பது எங்கள் நம்பிக்கை. பெரும்பாலும் அது உண்மையும்கூட.

நான் முழுசாகச் செய்யப் போகிற முதல் பித்தப்பை அது. காலையில் அம்மா இட்லி வைத்தாள், இறங்கவில்லை. கை கழுவும்போது சார் பக்கத்துக் குழாயில் நின்று, மார்க்கெட்டில் மல்லிகை என்ன விலை ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் விசேஷமாம். எனக்கு ஒரு வார்த்தையும் மண்டையில் ஏறவில்லை.

உள்ளே கேமரா போனதும் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது. பித்தப்பை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புப் படலம் போர்வை மாதிரி மூடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். பை தடித்து, வெளுத்து, பிடித்தால் நழுவியது. நெடுநேரம் கழித்து அதன் கழுத்துப் பக்கம் ஒரு குழாயைச் சுத்தம் செய்து எடுத்தேன். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் இருப்பது போலவே இருந்தது. கிளிப் கேட்டுக் கையை நீட்டினேன்.

"ஹும்" என்றார் சார். எல்லோர் கையும் நின்றது.

கேமரா பிடித்திருந்த முதல் வருடத்துப் பெண், சிறு குழாய்தான் என்றாள். இரண்டாம் வருடத்துப் பையன் அதையே சொன்னான். நர்ஸ் ஆமாம் என்றார். மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "அப்படித்தான் தெரியுது, சீக்கிரம் போடுங்க" என்றார். சார் மட்டும், "எனக்கு இன்னும் தெரியல" என்று சொல்லிவிட்டுக் கருவிகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மேல் பக்கத்திலிருந்து பிரிக்கப் பார்த்தார். ரத்தம் கசிந்தது. கொஞ்ச நேரம் முயன்று கருவிகளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீ சொல்லு. உன் கேசு."

நான் திரையைப் பார்த்தேன். அது சிறு குழாயாக இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை எழுதிக் காட்ட முடியாது. கொட்டகையும் பரீட்சையும் என் கண்முன் நின்றன. என் முதல் பித்தப்பை என்பதும் நின்றது, அதை மறைப்பானேன். கிளிப் போட்டால் அரை மணியில் முடிந்துவிடும், பத்து நாளில் அவள் மேஸ்திரி முன் போய் நிற்பாள். சரியாக இருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. ஆனால் குழாயின் பின்பக்கம் எனக்குத் தெரியவில்லை. அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நான் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"பின்னாடி தெரியல சார். திறக்கிறேன்" என்றேன்.

நர்ஸ் பெரிய கத்தித் தட்டை இழுத்தார்.

வலது விலாவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, தசையை அறுத்து உள்ளே போனோம். கையால் தொட்டுப் பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி பேசும். ஒவ்வொன்றாகப் பிரித்து, பெருங்குழாயைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவினேன். அப்போது தெரிந்தது, நான் திரையில் சுத்தம் செய்து வைத்திருந்த குழாய் சரியான குழாய்தான். சிறு குழாய்தான். கிளிப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகமூடிக்குள் அழுதால் கண்ணாடியில் ஆவி படியும், அதனால் அழவில்லை. பையை எடுத்தேன், கட்ட வேண்டியதைக் கட்டினேன், தசையை அடுக்கடுக்காகத் தைத்தேன்.

வாரம் ஒருமுறை எங்கள் துறையில் ஒரு கூட்டம் நடக்கும். அந்த வாரம் செத்தவர்கள், சிக்கலானவர்கள், திட்டமிட்டபடி நடக்காதவை எல்லாவற்றையும் செய்தவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். சர்ஜன்களை உருவாக்குவதில் கத்திக்கு உள்ள பங்கு இந்தக் கூட்டத்துக்கும் உண்டு. நான் எழுந்து நின்று சொன்னேன். வேறு யூனிட் பெரியவர் ஒருவர், "அப்ப தேவையில்லாம திறந்திருக்கே" என்றார். கிராமசபை என்று யாரோ முணுமுணுக்கப் பின்வரிசையில் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. சார் தன் இடத்திலிருந்தே என்னைக் கேட்டார்: "நாளைக்கு இதே மாதிரி தெரிஞ்சா என்ன பண்ணுவே?"

"திறப்பேன் சார்."

"உக்காரு" என்றார். அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்கள்.

கூட்டத்தில் பதில் சொல்வது சுலபம். வார்டில் அந்த அக்கா படுத்திருந்தாள். மயக்கம் தெளிந்த நாளே வயிற்றுக் கட்டைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டாள். காரணத்தைச் சொன்னேன். பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கஞ்சி குடிக்கச் சொன்னால் குடித்தாள், எழுந்து நடக்கச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மூன்றாவது நாள் ட்ரெஸ்ஸிங் மாற்றும்போது வாயைத் திறந்தாள்.

"தொறந்து பாத்தீங்களே. உள்ள என்னுங்க இருந்துச்சு? நீங்க பயந்தாப்ல கெட்டது ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது, அவளுக்கும் ஆறுதல். "இல்லக்கா. சரியான குழாயத்தான் பிடிச்சிருந்தோம். ஆனா தொறக்கறதுக்கு முன்ன அது தெரியல" என்றேன்.

"அப்ப சும்மா கிழிச்சுப்போட்டீங்க."

"சும்மா இல்லக்கா. தெரியாம வெட்டக் கூடாதுன்னு தொறந்தோம்."

"பெரிய டாக்டரு பண்ணியிருந்தா ஓட்டையோட போயிருக்குமா?"

"அவரும் முயற்சி பண்ணிப் பாத்தார். அவருக்கும் தெரியல."

"தொறக்கலாம்னு சொன்னது ஆரு?"

"நான்தான்."

அவள் என் கையைப் பார்த்தாள். "எம்மேல படிச்சுக்கிட்டீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பிளாஸ்திரியை ஒட்டினேன். இல்லை என்று சொல்ல முடியாது. ஆமாம் என்று மட்டும் சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது. அன்று மத்தியானம் மெஸ்ஸில் யாரோ உப்பு கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மேஸ்திரி வந்திருந்தான். சேலத்துக்காரன். நல்லவனா கெட்டவனா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். மூன்று மாதம் இவள் சட்டி தூக்கக் கூடாது, தூக்கினால் தையல் போட்ட தசை விட்டுப்போகும் என்று அவனிடமும் சொன்னேன். புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை இருக்கிறது, அதைக் கொடுக்கிறேன், சம்பளம் குறையும், கொட்டகை இருக்கும் என்றான். எனக்கு உயிர் வந்தது. அக்கா தன் துணிப் பையை எடுத்துக்கொண்டாள். பையை நான் வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்தேன்.

தையல் பிரிக்க ஒருமுறை வந்தாள், நான் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தேன். அப்புறம் வரவில்லை. என் வேலை நடந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்துப் பித்தப்பைகள் செய்தேன், துளையோடு முடிந்தவை பல, திறந்தது ஒன்று. அத்தைக்கு மூலம் வந்தது. எந்த ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வேண்டும் என்று என்னிடமே கேட்டாள். எங்கள் ஓ.பி.க்கு வரச் சொன்னதும், "ஐயோ, உன் கிட்டயா!" என்று ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மழை பிடித்திருந்த ஒரு காலை, ஓ.பி.யில் அந்த அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆள் கறுத்திருந்தாள், கொஞ்சம் தெம்பாகவும் தெரிந்தாள். "ஏனுங்க அம்மிணி, சோறு தின்னீங்களா?" என்றாள். சோறு என்பதை அழுத்திச் சொன்னாள். நான் பதில் சொல்லும் முன் சேலையை விலக்கித் தழும்பைக் காட்டினாள். தழும்பின் ஓரத்தில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக ஒரு வீக்கம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே தசை விட்டுப்போய், அந்த வழியாகக் குடல் வெளியே வருகிறது.

"சட்டி தூக்கினீங்களா?"

"தூக்குனேன்."

"எப்போலருந்து?"

"தண்ணி ஊத்தற வேல மாசி வரைக்கும் இருந்துச்சுங்க. அப்புறம் மேல் மாடிக்குக் கான்கிரீட் போட்டாங்க. எல்லாரும் ஏறணும்னுட்டான். ஏறாட்டிக் கொட்டகைய வேற ஆளுக்கு உடணும்னான். பரிச்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. ஏறுனேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நர்ஸ் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன். எத்தனை தடவை சொன்னேன், மேஸ்திரியிடமும் சொன்னேனே, இங்கே வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நான் வந்து பேசியிருப்பேனே, இப்போது மறுபடி ஆபரேஷன், வலை வைத்துத் தைக்க வேண்டும், மறுபடி மாதக்கணக்கில் வேலை கிடையாது என்றெல்லாம் கத்தினேன். என் தமிழ் முழுக்கக் கன்னடமாகிவிட்டது. அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள்.

"பொண்ணு எழுதினாளா?" என்று கடைசியில் கேட்டேன்.

"எழுதுனா. கணக்குல போயிருச்சு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "இதுக்கா அக்கா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. "இதுக்கா வயித்த இப்படிப் பண்ணிக்கிட்டீங்க?"

அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க தொறந்து பாத்தப்ப சரியான கொழாதான்னு சொன்னீங்களே. அதுக்காவ தொறக்காம உட்டிருப்பீங்களா?"

நர்ஸ் அடுத்த நோயாளியை உள்ளே விடப் போனவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். துறைக் கூட்டத்தில், அத்தனை டாக்டர்கள் முன்னால் நான் சொன்ன அதே பதிலை இங்கேயும் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லக்கா. தொறந்திருப்பேன்."

"மறுக்கா எழுதறா" என்றாள் அவள். "இன்னம் பத்து நாள்ல இருக்குது. அது முடிஞ்சதும் வந்து படுத்துக்கறேன். அது வரைக்கும் இந்த வவுறு தாங்குமா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கட்டிலில் படுக்கச் சொன்னேன். ஏறும்போது நான் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். தழும்பின் மேல் என் உள்ளங்கையை வைத்து, இருமச் சொன்னேன். இருமினாள். குடல் வந்து என் கையில் முட்டியது, அழுத்தியதும் சிரமமில்லாமல் உள்ளே போனது. சிக்கிக்கொள்ளவில்லை. இன்னொரு முறை இருமச் சொல்லிப் பார்த்தேன். நான் தைத்த இடம்.

"தாங்கும்" என்றேன்.